லோடு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கலாமா? பெரிய சக்கரம் போடலாமா?



கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று கடன் கேட்ட காலம் மாறி, இப்போது நம் கூட்டமைப்புக்கு வரும் மனுக்களில் லோடு வண்டியும் சேர்ந்துகொண்டது. உறுப்பினர் பெயரில் கடன், ஆர்.சி. புக்கும் உறுப்பினர் பெயரில், ஓட்டுவது மகனோ வீட்டுக்காரரோ. மாட்டுத்தாவணிக்குப் பூ, பரவை மார்க்கெட்டுக்குக் காய், விளாச்சேரியிலிருந்து மண் பொம்மை என்று எல்லாம் இந்த வண்டிகளில்தான் போகிறது.

பழங்காநத்தத்தில் நடந்த நம் கடன் உபகுழுக் கூட்டத்தில் ஒரு மனு வந்தது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்து உறுப்பினர். தொகை ரூ.48,000. காரணம் என்ற இடத்தில் "வண்டி முன்பக்கம் உயர்த்தவும், பெரிய சக்கரம் 4 போடவும்" என்று எழுதியிருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாடு என்றால் எத்தனை ஈத்து, எத்தனை லிட்டர் என்று கேட்கத் தெரியும். இதில் என்ன கேட்பது?

உறுப்பினரையே கேட்டோம். "எனக்கு என்னக்கா தெரியும். வண்டி முன்னாடி தாழ்ந்து, பின்னாடி தூக்கிட்டு நிக்குதாம். ரெண்டு இஞ்ச் தூக்கிட்டு பெரிய டயர் போட்டா கரிசக்காட்டுல மாட்டாதுன்னு மகன் சொல்றான்" என்றார்.

மனுவைத் தள்ளிவிடவும் மனமில்லை, தெரியாமல் கையெழுத்துப் போடவும் மனமில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, உபகுழுவில் மூன்று பேர் கமான் பட்டறை, டயர் கடை, அலைன்மென்ட் கடை என்று நான்கு நாள் அலைந்து கேட்டோம். இந்த ஊரில் அதற்குக் குறைவே இல்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய தொழில் பஸ்ஸில் ஆரம்பித்தது. அந்தப் பெயரில்தான் நம் பழங்காநத்தத்தை ஒட்டி டி.வி.எஸ். நகரே இருக்கிறது. (அவருடைய மகள்தான் டாக்டர் சௌந்தரம் அம்மா. 1947-ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். நம்மில் பலரும் பயிற்சிக்கு அங்கே போய் வந்திருக்கிறோம்.) அதனால் இந்தப் பக்கம் வண்டி வேலை தெரிந்த பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறேன்.

வண்டி ஏன் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது?

முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. காலி வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். குட்டியானை ஆனாலும் பெரிய பிக்கப் ஆனாலும் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். கம்பெனிக்காரன் தெரியாமல் செய்த தப்பு இல்லை அது. வேண்டுமென்றே செய்தது. லோடு ஏறினால் அந்த எடையில் பெரும்பங்கு பின் அச்சின் மேல்தான் இறங்கும். பின்பக்கம் தாழும். தாழ்ந்த பிறகு வண்டி நேராக நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் காலியாக இருக்கும்போது பின்பக்கத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். தலையில் சுமை ஏறுவதற்கு முன்பே நாம் கழுத்தை நிமிர்த்திக்கொள்வதில்லையா, அது மாதிரி.

காலி வண்டி நேராக நிற்க வேண்டும் என்று முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கிவிட்டால், லோடு ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். ராத்திரியில் நம் விளக்கு ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழும். முன் சக்கரத்தில் எடை குறைவதால் ஸ்டீயரிங் லேசாகி, வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து முன் சக்கரந்தான் பெரும்பாலும் வண்டியை நிறுத்துகிறது. அந்தச் சக்கரத்தின் பிடி குறைந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தூக்குகிற பழக்கம் அமெரிக்காவிலிருந்து படத்திலும் போனிலும் பார்த்து வந்தது. அங்கே பிக்கப் வண்டியை நிறையப் பேர் வீட்டு உபயோகத்துக்கு, காலியாகவே ஓட்டுகிறார்கள். அதனால் முன்பக்கத்தை உயர்த்தி அழகு பார்க்கிறார்கள். அந்த நாட்டிலேயே வட கரோலினா மாநிலத்தில் சிலர் முன்பக்கத்தை மட்டும் ஏகமாகத் தூக்கி ஓட்டியதால், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் குற்றம் என்று 2021-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்கோ வண்டி காலியாக ஓடினால் நஷ்டம். லோடோடு ஓடினால்தான் தவணை கட்ட முடியும். நமக்கு அந்த அழகு எதற்கு?

கமான் பட்டை எப்படி வேலை செய்கிறது?

சின்ன லோடு வண்டிகள் பலவற்றில் முன்னும் பின்னும் கமான் பட்டைதான். வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, அச்சோடு சேர்த்து யூ போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். மேலே உள்ள நீளமான பட்டைக்கு மெயின் பட்டை என்று பெயர். அதன் இரண்டு முனையும் சுருண்டு கண் போல இருக்கும். ஒரு கண் சேஸில் நேராக மாட்டியிருக்கும். இன்னொரு கண் சாக்கிள் என்ற ஆடும் தகட்டில் மாட்டியிருக்கும். பள்ளத்தில் விழும்போது வில் நிமிர்ந்து நீளமாகும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் சாக்கிள் ஆடுகிறது. குதித்த வண்டி தொடர்ந்து ஆடாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர்.

வேறு சில வண்டிகளில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இருக்கும், அல்லது முறுக்குக் கம்பி இருக்கும். முறுக்குக் கம்பி வண்டியில் ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயரும். "அஞ்சு நிமிச வேலைதான்" என்பார்கள். திருகத் திருக பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் கோணலாக நின்று தேயும். அந்தச் செலவு அஞ்சு நிமிடத்தில் தெரியாது, ஆறு மாதத்தில் தெரியும்.

கமான் வண்டியில் முன்பக்கம் உயர்த்த பட்டறைகளில் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஒன்று, கூடுதல் பட்டை சேர்ப்பது. வண்டி உயரும், ஆனால் கமான் விறைத்துவிடும். குலுக்கல் நேரே சேஸுக்கும் சரக்குக்கும் போகும். விளாச்சேரி உறுப்பினர் ஒருவர் இதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்பிய கொலு பொம்மையில் விரலும் மூக்கும் உடைந்து வந்தது ஒரு வண்டியில் மட்டும்தானாம். டிரைவரை எவ்வளவோ திட்டிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் பட்டை ஏற்றிய வண்டி அது. தக்காளி, முட்டை ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இரண்டு, கமானுக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போடுவது. பின் அச்சிலாவது சிலர் இதைச் செய்கிறார்கள். முன் அச்சில் இது கூடவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு உருளப் பார்க்கும். நடுவில் கட்டை இருந்தால் அது நெம்புகோலாகி கமானை முறுக்கும். கட்டை நழுவினால் ஸ்டீயரிங்கே கையில் இருக்காது. நாங்கள் போன ஒரு கமான் பட்டறையில் பெரியவர் ஒருவர், "எவ்வளவு கொடுத்தாலும் முன்னாடி கட்ட வைக்க மாட்டேன் தாயி" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மூன்று, நீள சாக்கிள் போடுவது. இதில் அச்சின் சாய்வு மாறிவிடும். சைக்கிளின் முன் ஃபோர்க் நேர் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வினால்தான் கையை லேசாக விட்டாலும் சைக்கிள் நேரே போகிறது. வண்டியிலும் அப்படித்தான். சாய்வு மாறினால் நேர் ரோட்டில்கூட வண்டி அங்கும் இங்கும் அலையும், இல்லையென்றால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும்.

நான்கு, பழைய பட்டையைக் கழற்றி அடித்து வளைவேற்றுவது. தளர்ந்துபோன கமானைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர இது சரியான வேலை. பழைய உயரத்துக்கு என்பதுதான் முக்கியம். ரொம்பவும் தளர்ந்த பட்டை அடித்தாலும் சீக்கிரம் மறுபடி இறங்கும். அப்போது புதுக் கட்டு வாங்குவதே மேல்.

கரிசலில் மாட்டுவது எது?

மகன் சொன்ன காரணத்தை நாங்கள் லேசாக விட்டுவிடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் பாதையில் வண்டி மாட்டுவது உண்மைதான். ஆனால் எது தட்டி மாட்டுகிறது? வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி ஒரு பெட்டி தொங்கும். அதற்குள்ளேதான் கிரவுன் பல்சக்கரம் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். டிராக்டர் போன தடத்தின் நடு மேட்டில் உட்காருவதும் அதுதான்.

முன் கமானைத் தூக்கினால் பின் அச்சுப் பெட்டி ஒரு நூல்கூட உயராது. பின் கமானைத் தூக்கினாலும் உயராது. ஏனென்றால் கமான் தூக்குவது தொட்டியையும் சேஸையும்தான். அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அச்சு உயர ஒரே வழி பெரிய டயர். சரி, பெரிய டயர் எவ்வளவு உயர்த்தும்? கணக்குப் போடலாம். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று இருந்தால், 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 215-ல் நூற்றுக்கு 75 என்றால் 161 மில்லிமீட்டர் சொச்சம். மேலும் கீழும் இரண்டு சுவர், அதனால் 322.5. ரிம் 15 அங்குலம் என்றால் 381 மில்லிமீட்டர். கூட்டினால் 703.5. அதாவது 70 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் சக்கரம்.

இதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால்? அதே கணக்கில் 733.5 மில்லிமீட்டர் வரும். வித்தியாசம் 30 மில்லிமீட்டர். அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் உயரம் கிடைப்பது அதில் பாதிதான், 15 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் கனம். இதற்குத்தான் நாலு டயரும், சில வண்டிக்கு நாலு ரிம்மும் மாற்றச் சொல்கிறார்கள். கணக்கைப் போட்டு முடித்ததும் உபகுழுவில் ஒரு அக்கா, "சுண்டுவிரலுக்கு நாப்பத்தெட்டாயிரமா!" என்று கேட்டுவிட்டார்.

அந்தச் சுண்டுவிரலுக்கு வேறு விலையும் உண்டு. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். மேலே சொன்ன இரண்டு அளவுக்கும் நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் வித்தியாசம். மீட்டரில் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62 கிலோமீட்டருக்கு மேல் போகும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள வண்டியில் அந்தக் கணக்கும் தவறும். கிலோமீட்டரும் குறைத்துக் காட்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறவர்களுக்கு இதில் நேரடி நஷ்டம். இன்ஜினின் இழுவை அதே பங்கு குறையும். லோடோடு கண்மாய்க் கரை ஏறும்போது டிரைவர் கிளட்சை மிதித்து மிதித்து எடுப்பார், கிளட்ச் பிளேட் கருகும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயர் மட்கார்டிலோ கமானிலோ உரசலாம். உரசாமல் இருக்கத்தான் முன்பக்கத்தைத் தூக்குகிறேன் என்பார்கள். ஒன்றைச் செய்தால் இன்னொன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

கரிசலுக்கு நல்ல வழி, அதே அளவில் பட்டன் ஆழமாக உள்ள டயரைப் பின்பக்கம் போடுவது. தேய்ந்த டயர்தான் சேற்றில் முதலில் சுழலும். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சின்ன மேடு இருக்கும். டயர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். டயர் எப்போது செய்தது என்பதும் பக்கவாட்டில் இருக்கும். நீள்வட்டத்துக்குள் நான்கு எண். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. "புது டயர்" என்று சொல்லி வருடக்கணக்கில் கடையில் கிடந்ததைத் தந்தால் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டயர் தாங்கும் எடைக்கும் எண் உண்டு. 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850 கிலோ, 106 என்றால் 950 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்த எண் உள்ள டயரை, அது எவ்வளவு பெரிதாக, பளபளப்பாக இருந்தாலும் வாங்கக் கூடாது. கார் டயரை லோடு வண்டியில் மாட்டி வெடிக்க விடுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காதவர்கள்தான். காற்றின் அளவு டிரைவர் கதவு ஓரத்திலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ எழுதியிருக்கும்.

டேப் எடுத்து அளந்து பாருங்கள்

தையல் டேப்போ கொத்தனார் டேப்போ போதும். காலி வண்டியைச் சிமெண்டுக் களத்தில், சமதரையில் நிறுத்துங்கள். நாலு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் நடுக்குமிழ் இருக்கும் இடத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. இடதும் வலதும் ஒரே அளவாக, அல்லது அரை அங்குலத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. முன்னும் பின்னும் வேறாக இருப்பது இயல்பு, மேலேயே சொல்லிவிட்டேன். இடதுக்கும் வலதுக்கும் நிறைய வித்தியாசம் என்றால்தான் நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த உறுப்பினரின் வண்டியை நாங்களே அளந்தோம். மகன் சிரித்துக்கொண்டு நின்றான். முன் வலது 17 அங்குலம், முன் இடது பதினைந்தரை. அவனே குனிந்து பார்த்தான். இடது கமானில் மூன்றாவது பட்டை சென்டர் போல்ட் பக்கத்தில் உடைந்து, துருவேறி இருந்தது. மழைக்காலம் முழுவதும் உடைந்த பட்டையோடு ஓட்டியிருக்கிறான். முன்பக்கம் தாழ்ந்து நின்ற உண்மையான காரணம் அதுதான். அவன் முகம் வாடியதைப் பார்த்து அவனுடைய அம்மா, "போனா போகுது விடு, இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே" என்றார்.

உடைந்த பட்டை, தேய்ந்த புஷ், தளர்ந்த யூ போல்ட், எண்ணெய் ஒழுகும் ஷாக் அப்சார்பர் ஆகிய நான்கையும் பார்த்த பிறகுதான் தூக்குவதைப் பற்றி யாரும் பேச வேண்டும். கமானைக் கழற்றி மாட்டினால் யூ போல்ட்டை ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், புதுசு கொஞ்சம் தளரும். வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து வீணாகும். ஒரு பக்கம் பட்டை மாற்றினால் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது. சோடியாகத்தான் அவை வேலை செய்கின்றன.

லோடு வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் ஏற்றப்பலகை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். கனமான மூட்டை கேபின் பக்கம், லேசானது வால் பக்கம். தொட்டிக் கதவைத் திறந்துவிட்டு வெளியே நீட்டிக் கம்பி, மூங்கில் ஏற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பட்டை சேர்த்தால் அதிக லோடு ஏற்றலாமா?

ஏற்றக் கூடாது. இது பெரிய தப்பெண்ணம். ஆர்.சி. புக்கில் காலி வண்டியின் எடையும் லோடோடு மொத்த எடையும் இருக்கும். மொத்தம் 2,500 கிலோ, காலி 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,300 கிலோதான் ஏற்றலாம். அதற்குள் டிரைவரின் எடையும் அடங்கும். பட்டை கூடினால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், பிரேக், சேஸ் எல்லாம் பழைய பலத்தில்தான் இருக்கும். பல வண்டிகளில் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் பட்டை சேர்த்து விறைப்பாக்கினால், லோடு இருந்தாலும் "வண்டி காலி" என்று அந்த வால்வு ஏமாந்து பிரேக்கைக் குறைத்துவிடும்.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. வண்டியைத் தயாரித்தவர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக, ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. இதை வைத்துத்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல அளவுகளை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தச் சட்டத்தில், மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. உரிமையாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனது மகன், ஓட்டுவது வீட்டுக்காரர் என்றாலும் ஆர்.சி. புக்கில் இருப்பது உங்கள் பெயர். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

கம்பெனி அதே மாடலுக்கு அனுமதித்திருக்கும் டயர் அளவுகளை மாற்றிப் போடுவதில் வில்லங்கம் இல்லை. அது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். இல்லையென்றால் கம்பெனி சர்வீஸில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

எப்.சி. விஷயமும் இருக்கிறது. லோடு வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எப்.சி. எடுக்க வேண்டும். எங்கள் குழுவிலேயே ஒருவர், தூக்கிய வண்டியை எப்.சி.க்குக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பப்பட்டார். பழையபடி ஆக்கப் பட்டறைக் கூலி மறுபடி, வண்டி 11 நாள் ஓடவில்லை. அந்த மாதத் தவணையைக் குழு சேமிப்பிலிருந்துதான் சமாளித்தோம். இன்னொருவருக்கு ஒரு சின்ன விபத்தில் இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியைப் படம் எடுத்து, "இது கம்பெனி அளவில் இல்லையே" என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு இழுத்தடித்தார்கள். ஆர்.சி.யோடு வண்டி ஒத்துப்போயிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். களை எடுக்க, நாற்று நட, துக்க வீட்டுக்கு என்று நாமே லோடு வண்டியில் ஏறிப் போகிறோம். நானும் போயிருக்கிறேன், மறைக்கவில்லை. உயரம் கூட்டிய வண்டி கண்மாய்க் கரையில் சாய்ந்தால் சீக்கிரம் உருளும். தொட்டியில் நிற்கிற ஆட்கள் உயரத்தை இன்னும் கூட்டுகிறார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிற ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கோடு போகும் சரக்குக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ மட்டும் 1994-ல் வந்த திருத்தத்தின்படி வழி உண்டு. அவர்களும் கேபினில்தான் உட்கார வேண்டும். மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு வண்டிச் சொந்தக்காரர் தலையில்தான் விழும். அந்தச் சொந்தக்காரர் நம் உறுப்பினராகவே இருக்கலாம்.

கடன் மனு என்ன ஆனது?

அடுத்த கூட்டத்தில் அந்த உறுப்பினரும் மகனும் வந்தார்கள். மகனையே பேசச் சொன்னோம். பெரிய சக்கரத்தைப் பற்றி அவனுக்கு இன்னும் ஆசை விடவில்லை. "பக்கத்து ஊர்ல எல்லாரும் போட்டிருக்காங்க" என்றான். சுண்டுவிரல் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினோம். டயர் அளவு அவன் வண்டிக்கு வேறு, ஆனால் கணக்கு ஒன்றுதான். அவனே பெருக்கிப் பார்த்தான்.

மனுவைத் திருத்தி எழுதினார்கள். இரண்டு பக்கமும் முன் கமான் கழற்றி உடைந்த பட்டை மாற்றுவது, புஷ், யூ போல்ட், ஒரு சோடி ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட், பின்பக்கத்துக்கு அதே அளவில் பட்டன் டயர் இரண்டு. மொத்தம் ரூ.26,500 என்று இரண்டு கடையில் விலைப்பட்டியல் வாங்கி வந்தார்கள். 15 தவணை. பழைய கடனில் ஒரு தவணை பாக்கி இருந்தது, அதைக் கட்டிய பிறகுதான் காசோலை என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

இனி வண்டி வேலைக்குக் கடன் கேட்டு வரும் மனுவோடு நாலு சக்கர அளவையும் எழுதித் தர வேண்டும், ஆர்.சி. புக் நகலும் பில்லும் இணைக்க வேண்டும் என்று அதே கூட்டத்தில் முடிவானது. உங்கள் குழுவில் லோடு வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த வாரக் கூட்டத்துக்கு முன்பு அளந்து, ஊக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். டேப் இல்லாதவர்கள் தையல் உறுப்பினர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.

நவராத்திரிக்கு முன்னால் விளாச்சேரி சவாரி நிறைய இருக்கிறது என்பதால், அந்த உறுப்பினருக்குக் கமான் வேலை முதலில், டயர் அடுத்த மாதம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறோம்.